ஒன்ராறியோவில் லைசென்ஸும் நம்பர் பிளேட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில் லைசென்ஸ், நம்பர் பிளேட் இரண்டுமே மாகாண அரசின் கையில் இருக்கிற விஷயம். அதனால் ஆல்பர்ட்டாவில் இருக்கும் அண்ணன் சொல்வதும் மொன்றியலில் இருக்கும் சிநேகிதி சொல்வதும் ஒன்ராறியோவுக்குச் சரிவராமல் போகலாம். இங்கே எழுதியிருப்பது ஒன்ராறியோவுக்கு மட்டும். முதலே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதில்தான் இருக்கிறது: ஒன்ராறியோவில் நம்பர் பிளேட் காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். இலங்கையிலும் இந்தியாவிலும் வண்டியோடு இலக்கமும் கைமாறும், இங்கே அப்படி இல்லை. அந்த இலக்கத்தின் மேல் விழுகிற ஒவ்வொரு கட்டணமும் தண்டமும் உங்களைத் தேடித்தான் வரும்.

புதிதாக வந்திருக்கிறேன். ஊர் லைசென்ஸை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓடலாம்?

குடியேற வந்தவர் என்றால் 60 நாள். அதுவும் ஊர் லைசென்ஸ் காலாவதியாகாமல் இருந்தால்தான். 60 நாள் கேட்க நிறைய மாதிரி இருக்கும், ஆனால் வீடு பார்ப்பது, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, வேலை தேடுவது என்று அலைவதற்குள் ஓடிப்போய்விடும். வந்த முதல் வாரத்திலேயே எழுத்துப் பரீட்சைக்குப் படிக்கத் தொடங்குங்கள்.

சும்மா பார்க்க வந்தவர்கள், அதாவது பேரப்பிள்ளையைப் பார்க்க வந்த அப்பா அம்மா போன்றவர்கள், சொந்த நாட்டு லைசென்ஸோடு மூன்று மாதம் வரை ஓடலாம். அதற்கு மேல் தங்கினால் சர்வதேச ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஊரிலிருந்து புறப்படும் முன்பே எடுத்துக்கொண்டு வர வேண்டும். இன்சூரன்ஸ் கம்பனியிடமும் இன்னார் ஓடப் போகிறார் என்று சொல்லிவிட்டுத்தான் சாவியைக் கொடுங்கள்.

ஜி1, ஜி2, ஜி என்கிறார்களே, என்ன அது?

1994 முதல் இருக்கும் படிப்படியான லைசென்ஸ் முறை. 16 வயது ஆனால் எழுத்துப் பரீட்சையும் கண் பரிசோதனையும் முடித்து ஜி1 எடுக்கலாம். அது பழகுநர் லைசென்ஸ். 12 மாதம் கழித்து முதல் ரோட் டெஸ்ட், அதில் சித்தியடைந்தால் ஜி2, தனியாக ஓடலாம். இன்னும் 12 மாதம் கழித்து நெடுஞ்சாலையும் சேர்ந்த இரண்டாவது ரோட் டெஸ்ட், அதில் சித்தியடைந்தால் முழு ஜி.

முழுவதையும் முடிக்க ஐந்து வருடம் தருகிறார்கள். நிறையப் பேர் ஜி2 எடுத்தவுடன் "கார் ஓடலாம்தானே, பிறகு பார்ப்போம்" என்று விட்டுவிடுகிறார்கள். ஐந்து வருடம் முடிந்தால் திரும்ப எழுத்துப் பரீட்சையிலிருந்து தொடங்க வேண்டி வரும். ஜி2 கிடைத்து ஒரு வருடம் ஆன உடனேயே ஜி டெஸ்டுக்குப் பதிவு செய்துவிடுங்கள்.

எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாமா?

எழுதலாம். தமிழும் அந்த மொழிப் பட்டியலில் இருக்கிறது. மொத்தம் 40 கேள்விகள், வீதி விதிகள் 20, சமிக்ஞைப் பலகைகள் 20. இரண்டு பகுதியிலும் தனித்தனியாக 16 சரியாக இருக்க வேண்டும், ஒன்றில் 20ம் மற்றதில் 15ம் எடுத்தால் தேறாது.

ஆனால் என் அபிப்பிராயம், ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்தவர்கள் ஆங்கிலத்திலேயே எழுதுவது நல்லது. வீதியில் இருக்கும் பலகை ஒன்றும் தமிழில் இல்லை, ரோட் டெஸ்ட் எடுப்பவரும் தமிழில் "இடது பக்கம் திரும்புங்கள்" என்று சொல்லப் போவதில்லை. வாசிக்கச் சிரமப்படும் அம்மா அப்பாவுக்குத் தமிழ்ப் பரீட்சை பெரிய உதவி, அவர்கள் தயங்காமல் அதைக் கேட்டு எழுதட்டும்.

பரீட்சை நடப்பது டிரைவ்டெஸ்ட் நிலையத்தில். ஸ்காபரோவில் இருப்பவர்களுக்குப் போர்ட் யூனியனும் மெட்ரோ ஈஸ்ட்டும் கிட்ட. கட்டணம் 159.75 டொலர், அதற்குள் எழுத்துப் பரீட்சை, ஜி2 ரோட் டெஸ்ட் ஒரு முறை, ஐந்து வருட லைசென்ஸ் எல்லாம் அடக்கம். கடவுச்சீட்டு, பிஆர் கார்ட் (நிரந்தர வதிவுரிமை அட்டை) போன்ற மூல ஆவணங்களைக் கொண்டு போங்கள், போட்டோ பிரதி எடுபடாது. கண்ணாடி போடுபவர்கள் அதையும்.

ஜி1 வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்யக்கூடாது?

தனியாக ஓடக்கூடாது. பக்கத்து இருக்கையில் குறைந்தது நான்கு வருட அனுபவமுள்ள முழு லைசென்ஸ்காரர் இருக்க வேண்டும், முன் இருக்கையில் அவரைத் தவிர வேறு யாரும் இருக்கக்கூடாது. அவருடைய இரத்தத்தில் மதுவின் அளவும் 0.05க்குக் கீழே இருக்க வேண்டும். கலியாண வீட்டில் குடித்துவிட்டு "தம்பி, நீ ஓடு, நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்று சொல்லும் மாமாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஓடுபவரின் உடம்பில் மதுவும் கஞ்சாவும் துளிகூட இருக்கக்கூடாது.

நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஓட முடியாது. 401, 404 போன்ற 400 வரிசை நெடுஞ்சாலைகள், கியூஈடபிள்யூ, டொன் வலி பார்க்வே, கார்டினர் போன்ற விரைவுப் பாதைகள் எல்லாம் கூடாது. லைசென்ஸ் பெற்ற டிரைவிங் மாஸ்டர் பக்கத்தில் இருந்தால் மட்டும் நெடுஞ்சாலைக்குப் போகலாம். எத்தனை சீட் பெல்ட்டோ அத்தனை பேர்தான் காரில் ஏறலாம்.

ஊரில் பத்து வருடம் ஓடியிருக்கிறேன். எனக்கும் ஜி1 இலிருந்தா?

கண் பரிசோதனை எல்லாருக்கும் உண்டு, எழுத்துப் பரீட்சை பெரும்பாலானவர்களுக்கு உண்டு. பிரித்தானியா, பிரான்ஸ், ஜெர்மனி, சுவிஸ், அவுஸ்திரேலியா போன்ற சில நாடுகளோடு ஒன்ராறியோவுக்கு ஒப்பந்தம் இருக்கிறது, அங்கே போதிய அனுபவம் உள்ளவர்கள் பரீட்சை இல்லாமலே லைசென்ஸை மாற்றிக்கொள்ளலாம். லண்டனிலிருந்தோ பாரிஸிலிருந்தோ இங்கே வந்து குடியேறும் நம்மவர்களுக்கு இது வசதி. இலங்கையும் இந்தியாவும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஆனால் காத்திருக்கும் காலத்தைத் தவிர்க்கலாம். கடந்த மூன்று வருடத்துக்குள் இரண்டு வருடமாவது லைசென்ஸோடு ஓடிய அனுபவம் இருந்து, அதை உறுதிப்படுத்தும் கடிதமும் இருந்தால், எழுத்துப் பரீட்சை முடிந்த கையோடு நேரே முழு ஜி ரோட் டெஸ்டுக்குப் போகலாம். அதில் முதல் முறையே தவறிவிட்டால், ஜி2 டெஸ்டைச் சித்தியடைந்த பிறகுதான் திரும்பவும் ஜிக்குப் போக முடியும்.

இந்தக் கடிதம்தான் முக்கியம். ஊரில் லைசென்ஸ் கொடுத்த திணைக்களமோ, தூதரகமோ, துணைத் தூதரகமோ தங்கள் தலைப்புக் கடிதத்தாளில் தர வேண்டும். எந்தத் திகதியில் முதல் லைசென்ஸ் எடுத்தீர்கள், எந்த வகை வாகனத்துக்கு, இப்போது செல்லுபடியாகிறதா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். புதுப்பித்த அட்டையில் புதுப்பித்த திகதி மட்டும் இருந்தால், 20 வருடம் ஓடியவருக்கும் ஆறு மாத அனுபவம்தான் கண்ணுக்குத் தெரியும். இலங்கையிலிருந்து வருபவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும், தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் தங்கள் ஆர்டிஓ அலுவலகத்திலும் புறப்படும் முன்பே இதை எடுத்துவிடுங்கள். இங்கே வந்த பிறகு ஊரிலிருக்கும் தம்பியை அலையவிட்டு எடுப்பது மாதக்கணக்கில் இழுக்கும், அதற்குள் 60 நாளும் முடிந்துவிடும். இன்சூரன்ஸ் கம்பனியிடம் பழைய அனுபவத்தைக் காட்டிக் கதைக்கவும் இதே கடிதம் உதவும். எல்லாக் கம்பனியும் ஏற்றுக்கொள்ளாது, ஆனாலும் கேட்டுப் பாருங்கள்.

டிரைவிங் ஸ்கூலுக்குக் கட்டாயம் போக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. போக்குவரத்து அமைச்சு அங்கீகரித்த பயிற்சியை முடித்தால் ஜி1 காத்திருப்பு 12 மாதத்திலிருந்து 8 மாதமாகக் குறையும், இன்சூரன்ஸிலும் பெரும்பாலும் தள்ளுபடி கிடைக்கும். பயிற்சி 40 மணித்தியாலம்: வகுப்பில் 20, காரில் 10, மீதி வீட்டுப்பாடம் போல. பள்ளி அங்கீகரிக்கப்பட்டதா என்று அமைச்சின் இணையப் பட்டியலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். வகுப்புக்கு வராமலே சான்றிதழ் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அது மோசடி, பிள்ளையும் ஒன்றும் பழகாது.

ஊரில் நன்றாக ஓடினவர்களே ஏன் ரோட் டெஸ்டில் தவறுகிறார்கள்?

கார் ஓடத் தெரியாததால் இல்லை. பரிசோதகர் பார்ப்பது வேறு, நாம் பழகி வந்தது வேறு.

முதலாவது, ஸ்டாப் பலகை. வேகத்தைக் குறைத்து, இரண்டு பக்கமும் பார்த்து, ஒன்றும் வரவில்லை என்று மெதுவாக உருட்டிக்கொண்டு போவது ஊரில் கவனமான ஓட்டம். இங்கே அது தவறு. வெள்ளைக் கோட்டுக்கு முன்னால் சக்கரம் முற்றாக நிற்க வேண்டும், கார் முன்னும் பின்னும் லேசாக ஒருமுறை ஆடி அடங்கும் இல்லையா, அது அடங்கிய பிறகுதான் நின்றதாகக் கணக்கு. மரம் மறைக்கிறது, தெரியவில்லை என்றால் கோட்டில் நின்றுவிட்டுப் பிறகு மெல்ல முன்னே வந்து இன்னொருமுறை பாருங்கள். சிவப்பு விளக்கில் வலது பக்கம் திரும்புவதற்கும் இதேதான்: திரும்பலாம், ஆனால் முழுதாக நின்ற பிறகு, திரும்பக்கூடாது என்ற பலகை இல்லை என்று பார்த்த பிறகு.

இரண்டாவது, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்ப்பது. லேன் மாறும்போதும் வலது பக்கம் திரும்பும்போதும் கண்ணாடியில் பார்த்தது போதாது. தலை திரும்ப வேண்டும், நாடி தோளுக்கு நேரே வர வேண்டும். கண்ணை மட்டும் திருப்பினால் பக்கத்தில் இருக்கும் பரிசோதகருக்கு அது தெரியாது. இது டெஸ்டுக்கான நடிப்பு என்று நினைக்காதீர்கள், சைக்கிள்காரர் ஒருவர் கண்ணாடிக்குள் தெரியாத அந்த இடத்தில்தான் வந்துகொண்டிருப்பார்.

பிறகு வேகம். மெதுவாக ஓடினால் பாதுகாப்பு என்று, வேக எல்லை 50 உள்ள வீதியில் 35இல் போனாலும் புள்ளி குறையும், நெடுஞ்சாலையில் சேரும்போது 60இல் உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் அதோடு டெஸ்ட் முடிந்துவிடும். சேரும் பாதையில் வேகத்தைக் கூட்டி, ஓடும் வாகனங்களின் வேகத்துக்கு வந்துதான் சேர வேண்டும். இன்னொன்று, இங்கே வீதியின் வலது பக்கத்தால் ஓடுகிறோம். நேரே போகும்போது குழப்பம் வராது. ஆளில்லாத சந்தியில் இடது பக்கம் திரும்பும்போதுதான் கை பழைய பக்கத்துக்கே இழுக்கும். தொடக்க வாரங்களில் இதற்கென்றே ஞாயிறு காலையில் வெறுமையாக இருக்கும் உள்வீதிகளில் பழகுங்கள்.

பாதசாரி கடவையில், பள்ளிக்கூடக் கடவையில், ஆள் வீதியை முழுதாகக் கடந்து மற்றப் பக்கத்து நடைபாதையில் கால் வைக்கும் வரை நிற்க வேண்டும். 2016 ஜனவரி முதல் இதுதான் சட்டம். அவர் உங்கள் லேனைத் தாண்டிவிட்டார் என்று எடுக்கக்கூடாது.

டெஸ்ட் நாளில் வேறு என்ன கவனிக்க வேண்டும்?

காரின் பிரேக் விளக்கு, சிக்னல் விளக்கு எல்லாம் எரிகிறதா என்று முதல் நாளே ஒருவரைப் பின்னால் நிற்கவைத்துப் பாருங்கள். ஒரு பல்ப் எரியாவிட்டால் டெஸ்ட் எடுக்க மாட்டார்கள், கட்டணத்தில் பாதியும் போய்விடும். பிந்திப் போனாலும், 48 மணித்தியாலத்துக்கு முன் அறிவிக்காமல் திகதி மாற்றினாலும் அதே நட்டம். ஜி டெஸ்டுக்கு முன், கடந்த மூன்று மாதத்தில் நெடுஞ்சாலையில் எத்தனை தடவை ஓடினீர்கள் என்று படிவம் நிரப்பித் தர வேண்டும். ஓடாமல் போனால் டெஸ்ட் நடக்காது.

கூட்டம் குறைவு என்று ஸ்காபரோவிலிருந்து லிண்ட்சே என்ற தூரத்துச் சிறிய ஊர் வரை போய் டெஸ்ட் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். தடை ஒன்றும் இல்லை. ஆனால் பிறகு அந்தப் பிள்ளை தினமும் ஓடப் போவது மார்க்கம் வீதியிலும் 401இலும்தானே. நான் என் வீட்டுப் பிள்ளைக்கு அதைச் செய்ய மாட்டேன்.

ஜி2 எடுத்த பிறகும் நிபந்தனை உண்டா?

உண்டு. மது, கஞ்சா இரண்டும் துளிகூட இல்லை. முழு ஜி எடுத்திருந்தாலும் 21 வயதும் அதற்குக் கீழும் இதே விதி. 19 வயதும் அதற்குக் கீழும் உள்ள ஜி2காரர்கள், முதல் ஆறு மாதம், நள்ளிரவு முதல் 5 மணி வரை, 19 வயதும் அதற்குக் கீழும் உள்ள ஒருவரைத்தான் ஏற்றலாம். ஆறு மாதத்துக்குப் பிறகு மூன்று பேர். கூடப் பிறந்தவர்கள் போன்ற நெருங்கிய குடும்பத்தினருக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. பள்ளி நடனம் முடிந்து நண்பர்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு வரும் பிள்ளைக்கு இதை முதலே சொல்லிவையுங்கள்.

காரை விற்கிறேன். பிளேட்டை என்ன செய்வது?

கழற்றுங்கள். வாங்குபவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், "வீடு வரை மட்டும் ஓடிக்கொண்டு போகிறேன் அண்ணா, நாளைக்கே கொண்டுவந்து தருகிறேன்" என்று கெஞ்சினாலும், கழற்றுங்கள். அந்த இலக்கம் உங்கள் பெயரில் இருக்கிறது. அவர் 407 சுங்க நெடுஞ்சாலையில் போனால் பில் உங்களுக்கு. சிவப்பு விளக்கு காமராவில் பிடிபட்டால் தண்டம் உங்களுக்கு. விபத்து ஏற்படுத்திவிட்டு ஓடினால் பொலிஸ் தட்டுவது உங்கள் கதவை.

காரின் பெர்மிட்டில், அதாவது வாகனப் பதிவுச் சீட்டில், இரண்டு பகுதி இருக்கும், வாகனப் பகுதி, பிளேட் பகுதி. வாகனப் பகுதியின் பின்பக்கம் இருக்கும் விற்பனை விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு வாங்குபவரிடம் கொடுங்கள், பிளேட் பகுதி உங்களிடமே இருக்கட்டும். அந்தப் பிளேட்டை உங்கள் அடுத்த காரில் போடலாம், அதற்குப் புதிதாகப் பிளேட் காசு கட்ட வேண்டியதில்லை. வாங்கியவர் பெயர் மாற்றுவார் என்று நம்பி இருக்காமல், விற்ற விவரத்தை நீங்களே சேர்விஸ் ஒன்ராறியோவில் (வாகனப் பதிவைக் கவனிக்கும் மாகாண அரசு அலுவலகம்) தெரிவித்துவிடுங்கள். விற்ற சீட்டின் பிரதி ஒன்றையும் பத்திரமாக வையுங்கள்.

தனியாரிடம் பழைய கார் வாங்குகிறேன். என்ன கேட்டு வாங்க வேண்டும்?

பழைய வாகனத் தகவல் பொதி. இதை விற்பவர் எடுத்துத் தர வேண்டும் என்பது சட்டம், விலை 20 டொலர். கார் ஒன்ராறியோவில் இதுவரை யார் யார் பெயரில் இருந்தது, ஓடிய கிலோமீற்றர், சந்தை மதிப்பு எல்லாம் அதில் இருக்கும். எல்லாவற்றிலும் முக்கியமாக, காரின் மேல் கடன் இருக்கிறதா என்று இருக்கும். கார்க் கடன் காரோடு போகும். முந்தின சொந்தக்காரர் கட்டாமல் விட்டால், காசு முழுவதும் கொடுத்து வாங்கிய உங்கள் வாசலிலிருந்தே காரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பொதி தர மாட்டேன், இரண்டு நாளில் தருகிறேன் என்று இழுப்பவரிடம் வாங்காதீர்கள்.

பெயர் மாற்ற ஆறு நாள் அவகாசம். பாதுகாப்புச் சான்றிதழ், அதாவது எல்லாரும் சேஃப்டி என்று சொல்வது, 36 நாளுக்குத்தான் செல்லுபடியாகும். அது அன்றைக்குக் கார் அடிப்படைத் தரத்தில் இருந்தது என்பதற்கான சீட்டு மட்டும், எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று அதற்கு அர்த்தம் இல்லை. உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் தனியாகக் காட்டுங்கள்.

வரி 13 வீதம், நீங்கள் கொடுத்த விலை அல்லது அமைச்சு பார்க்கும் மொத்த விற்பனை மதிப்பு, இரண்டில் எது கூடவோ அதற்கு. சீட்டில் 500 டொலர் என்று குறைத்து எழுதினால் வரி குறையும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். பொய் எழுதினீர்கள் என்ற பெயர்தான் மிஞ்சும். புதிய பெர்மிட்டும் பிளேட்டும் சேர்த்து 59 டொலர்.

அப்பா தன் காரை எனக்குச் சும்மா தருகிறார். அதற்கும் வரியா?

இல்லை. பெற்றோர், பிள்ளைகள், கணவன் மனைவி, தாத்தா பாட்டி போன்ற உறவுக்குள் அன்பளிப்பாகக் கொடுத்தால், சத்தியக் கடிதம் ஒன்று கொடுத்து வரி இல்லாமல் மாற்றலாம். சித்தப்பா, ஒன்றுவிட்ட அண்ணன் எல்லாம் நமக்குச் சொந்த வீடுதான், ஆனால் அந்தப் பட்டியலில் இல்லை.

பிளேட்டில் ஒட்டும் ஸ்டிக்கர் இப்போது தேவையா?

தேவையில்லை. 2022 மார்ச் 13 முதல் சாதாரண கார்களுக்கு ஸ்டிக்கரும் அதன் கட்டணமும் நீக்கப்பட்டன, தெற்கு ஒன்ராறியோவில் அது வருடம் 120 டொலராக இருந்தது. அதன் பிறகும் புதுப்பிக்கும் வேலை இருந்தது. ஸ்டிக்கர் இல்லைதானே என்று அதை மறந்து, பொலிஸ் மறித்தபோதுதான் காலாவதியானது தெரிந்தவர்கள் ஏராளம். 2024 ஜூலை 1 முதல் தானாகவே புதுப்பிக்கிறார்கள்.

தானாக என்பதற்கு ஒரு நிபந்தனை: இன்சூரன்ஸ் இருக்க வேண்டும், கட்டாத தண்டமோ சுங்கமோ இருக்கக்கூடாது. ஒரு பாக்கி இருந்தாலும் புதுப்பிக்காது. உங்கள் இலக்கம் செல்லுபடியாகிறதா என்பதை அரசு இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், பிறந்தநாள் வரும்போது ஒருமுறை பாருங்கள்.

407இல் போனேன், பில் வரவே இல்லை. விட்டுவிடலாமா?

விடாதீர்கள். சுங்கத்தைத் தானாகப் பதியும் கருவி (ட்ரான்ஸ்போண்டர்) இல்லாத கார்களின் பிளேட்டைக் காமரா படம் எடுத்து, பதிவில் இருக்கும் முகவரிக்குப் பில் அனுப்புகிறார்கள். வரவில்லை என்றால் பெரும்பாலும் முகவரி பழையது. வட்டி ஏறிக்கொண்டே போகும், கட்டாவிட்டால் பிளேட்டைப் புதுப்பிக்க விட மாட்டார்கள். காரை விற்றுவிட்டேன் என்று தப்ப முடியாது, பாக்கி உங்கள் பெயரில்தான் நிற்கும்.

பிக்கரிங் புரொக் வீதிக்குக் கிழக்கே இருக்கும் பகுதி மாகாண அரசுக்குச் சொந்தம், அங்கே 2025 ஜூன் 1 முதல் சுங்கம் இல்லை. அதற்கு மேற்கே, பேர்லிங்டன் வரை, தனியார் பகுதி, அங்கே கட்ட வேண்டும்.

பிளேட் உரிந்து வெள்ளையாகிவிட்டது. பனி மூடினாலும் தண்டமா?

ஆம், பிளேட் முழுதாக வாசிக்கும்படி இருக்க வேண்டியது சொந்தக்காரர் பொறுப்பு. பனிக்காலத்தில் கண்ணாடியைத் துடைக்கும்போதே பிளேட்டையும் துடைத்துவிடுங்கள், உப்புச் சேறு காய்ந்தால் ஒன்றும் தெரியாது. உரிந்த பிளேட், கொடுத்து ஐந்து வருடத்துக்குள் என்றால் இலவசமாக மாற்றித் தருவார்கள். காமராவுக்குத் தெரியாமல் இருக்க நிறக் கவர் போடுவது குற்றம். முன்னுக்கும் பின்னுக்கும் இரண்டு பிளேட்டும் வேண்டும். 2020 பெப்ரவரியில் வந்த நீல நிறப் பிளேட் இரவில் வாசிக்க முடியவில்லை என்று அந்த வருடமே கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள், அந்த அளவுக்கு இது பெரிய விஷயம்.

மொன்றியலிலிருந்து ரொறன்ரோவுக்கு மாறுகிறேன்.

காரை 30 நாளுக்குள் ஒன்ராறியோவில் பதிந்து பிளேட் மாற்றுங்கள், லைசென்ஸுக்கு 60 நாள். லைசென்ஸ் மாற்றப் பொதுவாகப் பரீட்சை இல்லை. குளிர்கால டயர் இங்கே கட்டாயம் இல்லை, கியூபெக்கில்தான் கட்டாயம். போட்டால் இன்சூரன்ஸில் தள்ளுபடி தர வேண்டும் என்பது இங்குள்ள விதி, கேட்டு வாங்குங்கள்.

வீடு மாறினால் எத்தனை நாளில் முகவரி மாற்ற வேண்டும்?

ஆறு நாள். இணையத்தில் இலவசமாகச் செய்யலாம், லைசென்ஸுக்கும் வாகனப் பதிவுக்கும் இரண்டுக்கும் மாற்றுங்கள்.

இதோடு சேர்ந்த ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். ஸ்காபரோவிலும் பிரம்டனிலும் இன்சூரன்ஸ் கட்டணம் அதிகம் என்பதால், தூரத்து ஊரில் இருக்கும் உறவினரின் முகவரியைக் கொடுத்துக் காசு மிச்சம் பிடிக்கச் சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். விபத்து நடக்கும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். நடந்த பிறகு கம்பனி விசாரிக்கும், பிள்ளை எந்தப் பள்ளி, வேலை எங்கே, கார் இரவில் எங்கே நிற்கிறது என்று. பொய் என்று தெரிந்தால் பணம் தர மறுக்கலாம், பொலிசியையே ரத்துச் செய்யலாம், அதன் பிறகு வேறு கம்பனியில் எடுக்கப் போனால் பல மடங்கு கேட்பார்கள். இன்சூரன்ஸே இல்லாமல் ஓடினால் முதல் தடவைக்கே தண்டம் 5,000 முதல் 25,000 டொலர் வரை.

போனைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்?

முழு லைசென்ஸ்காரருக்கு முதல் தடவை 615 டொலர் தண்டம், மூன்று குற்றப் புள்ளி, மூன்று நாள் லைசென்ஸ் நிறுத்தம். ஜி1, ஜி2காரருக்குப் புள்ளி இல்லை, அதற்குப் பதில் முதல் தடவையே 30 நாள் நிறுத்தம், இரண்டாவது 90 நாள், மூன்றாவது தடவை லைசென்ஸையே ரத்துச் செய்வார்கள். சிவப்பு விளக்கில் நின்றுகொண்டு பார்த்தாலும் ஓடிக்கொண்டிருப்பதாகத்தான் கணக்கு.

குற்றப் புள்ளிகள் எப்படி வேலை செய்கின்றன?

சுழியத்தில் தொடங்கிக் கூடிக்கொண்டு போகும், குற்றம் நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம் இருக்கும். முழு ஜிக்கு 15 புள்ளியில் 30 நாள் நிறுத்தம், ஜி1, ஜி2க்கு 9 புள்ளியிலேயே 60 நாள். நின்றுகொண்டு சிவப்பு விளக்கைப் போட்டிருக்கும் பள்ளி பஸ்ஸைத் தாண்டினால் ஒரே தடவையில் ஆறு புள்ளி, நடுவில் திட்டு இல்லாத வீதியில் எதிர்ப்பக்கத்தால் வருபவரும் நிற்க வேண்டும். காமராவில் பிடிபடும் சிவப்பு விளக்குக் குற்றத்துக்குப் புள்ளி இல்லை, தண்டம் 325 டொலர், யார் ஓடினாலும் பிளேட் சொந்தக்காரருக்கு. வேக எல்லை 80க்குக் குறைந்த வீதியில் எல்லையை விட 40 அதிகமாக ஓடினாலே அது ஸ்டண்ட் ஓட்டம்: அந்த இடத்திலேயே 30 நாள் லைசென்ஸ் நிறுத்தம், கார் 14 நாள் முடக்கம். அப்பாவின் காராக இருந்தாலும் முடக்கத்தான் செய்வார்கள்.

இரண்டு பியர்தானே?

இரத்தத்தில் மதுவின் அளவு 0.05 வந்தாலே முதல் தடவைக்கு ஏழு நாள் லைசென்ஸ் நிறுத்தம், 2025 முடியும் வரை அது மூன்று நாளாக இருந்தது. 0.08 வந்தால் குற்றவியல் வழக்கு, உடனே 90 நாள் நிறுத்தம். குடியுரிமை இன்னும் கிடைக்காதவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: 2018 டிசம்பர் 18 முதல் போதையில் ஓடுவதற்கு அதிகபட்சத் தண்டனை பத்து வருடச் சிறை ஆக்கப்பட்டது, அதனால் குடிவரவுச் சட்டத்தில் அது பாரதூரமான குற்றம். நிரந்தர வதிவுரிமையையே அது பாதிக்கலாம். டாக்ஸிக்குக் கொடுங்கள்.

அம்மாவுக்கு 80 வயது ஆகிறது. இனி ஓட முடியாதா?

ஓடலாம். 80 முதல் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கண் பரிசோதனை, ஒரு குழு வகுப்பு, இரண்டு சிறிய எழுத்துப் பயிற்சிகள். ஒன்றில் மணிக்கூடு வரையச் சொல்வார்கள், மற்றதில் எழுத்துகளுக்கு நடுவே குறிப்பிட்ட எழுத்தைத் தேடி வெட்டச் சொல்வார்கள். ரோட் டெஸ்ட் எல்லாருக்கும் இல்லை, தேவை என்று அவர்களுக்குப் பட்டால் மட்டும். புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வரும், அது வந்தவுடன் திகதி எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லைசென்ஸ் முடிந்த பிறகுதான் வகுப்பு கிடைக்கும்.

இனி வேண்டாம் என்று அம்மாவே விட்டுவிட்டால், அடையாளத்துக்கு 35 டொலர் கட்டி ஒன்ராறியோ போட்டோ கார்ட் எடுக்கலாம், ஐந்து வருடம் செல்லும். லைசென்ஸ் வைத்திருக்கும்போது அந்த அட்டை தர மாட்டார்கள், முதலில் லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கார் அம்மாவின் பெயரில் இருந்தால் அதை யாருக்கு எழுதுவது, பிளேட்டை என்ன செய்வது என்பதையும் அன்றைக்கே சேர்விஸ் ஒன்ராறியோவில் முடித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.